பெட்டியில் வந்த பைப்

முதலில் தப்புச் செய்தவன் திருமூர்த்திதான். அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள் தம்பி. ஊரில் இந்தக் கதையை வாலிலிருந்து சொல்கிறார்கள். வால் பக்கம் பார்த்தால் நான்தான் நிற்பேன். தலைப் பக்கம் நிற்பவன் அவன்.

உட்காருங்கள். அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். டயர் மேலே உட்காருங்கள். இஞ்சின் ஆறாமல் நான் கை வைக்கமாட்டேன். சூட்டோடு சூடாகத் திருகினால் போல்ட்டின் தலை முறிந்து கையோடு வந்துவிடும். அப்புறம் உள்ளே மாட்டிய துண்டை எடுக்கப் பாதி நாள் போகும். வேறு கடையென்றால் இதற்குள் கழற்றிப் போட்டிருப்பான். போங்களேன், யார் வேண்டாமென்றது? ஆனால் ஹெட்டரை விற்று உங்களை இங்கே அனுப்பியது திருமூர்த்திதானே. "ஹெட்டர் மாட்டோணும்னா செட்டிபாளையம் ரோட்டுல எங்க மச்சான்கிட்டப் போங்க, வேற எவனும் வேண்டாம்" என்றானா? எல்லோரிடமும் அதையேதான் சொல்கிறான். 'எங்க மச்சான்' என்று எவ்வளவு இனிப்பாக வருகிறது பார்த்தீர்களா? அதே வாய்தான்.

அந்தச் சின்னப் பொட்டலத்தை மேசைமேல் வையுங்கள். அதை அப்புறம் பார்ப்போம்.

டீ வேண்டுமா? எதிர்க்கடையில் நீங்கள் போய்க் குடித்துவிட்டு வாருங்கள், நான் வரமாட்டேன். ஒரு நாள் நான் நின்றுகொண்டிருக்க, பின்னால் வந்தவனுக்கு முதலில் டம்ளரை நீட்டினான் அந்தக் கடைக்காரன். அன்றிலிருந்து நான் பாலம் தாண்டிப் போய்த்தான் குடிக்கிறேன். அவன் செத்துப்போய்விட்டான். இப்போது மகன் போடுகிறான். நல்ல பையன், வணக்கம் சொல்வான். இருந்தாலும் போவதில்லை.

வேண்டாமா? சரி.

திருமூர்த்தி என் தங்கை சரசாளின் வீட்டுக்காரன். உடுமலைப் பக்கத்து ஆள். பெண் கொடுத்ததும் நான்தான், இங்கே கூட்டி வந்து இந்தப் பட்டறையில் பாதி இடம் கொடுத்ததும் நான்தான். இஞ்சினுக்குள்ளே போவதை அவன் பார்ப்பான், வெளியே வருவதை நான் பார்ப்பேன். பெட்ரோலும் காற்றும் அவன் பாடு, புகை என் பாடு. சண்டை சச்சரவு இல்லாமல் ஓடியது. ரேஸ் பைத்தியம் பிடித்த மில்லுக்காரர்கள், நகைக்கடைப் பிள்ளைகள் எல்லோருடைய காரும் இந்த வாசலில்தான் நிற்கும்.

ஹெட்டர் என்றால் என்னவென்று தெரிந்துதானே வாங்கி வந்திருக்கிறீர்கள்? பாதிப் பேர் சத்தத்துக்காக வாங்குகிறார்கள். கார் கம்பெனியிலிருந்து வரும்போது இஞ்சினின் நாலு வாய்க்கும் சேர்த்து ஒரே இரும்புக் கட்டியாக மாட்டி விடுகிறார்கள். சினிமா விட்டதும் நாலு பேர் ஒரே கதவில் முட்டிக்கொள்கிற மாதிரிப் புகை முட்டிக்கொள்ளும். அந்தக் கட்டியைக் கழற்றிவிட்டு, வாய்க்கு ஒரு பைப்பாக நாலு பைப் இறக்கி, நாலும் ஒரே நீளம் ஓடி, கீழே ஒன்றாகச் சேர வேண்டும். அதுதான் ஹெட்டர். புகை ஓடினால் கார் ஓடும். நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவன். எனக்கு அளவுகோல் நூல்தான். பைப்புக்குள் மணலைக் கெட்டித்து, சுட்டு, வளைப்பேன். மணல் இல்லாவிட்டால் வளைவில் பைப் சப்பிவிடும்.

அப்புறம் மாவு. சிரிக்காதீர்கள். சப்பாத்திக்குப் பிசைகிற கோதுமை மாவுதான். ஹெட்டரை மாட்டியபின் அதற்குப் பக்கத்தில் பிரேக் பைப் ஓடும், ஒயர் ஓடும். பார்த்தால் விரல் நுழைகிற இடைவெளி இருக்கும். அதை நம்பக் கூடாது. இஞ்சின் வைத்த இடத்தில் நிற்கிற பொருள் இல்லை. மிதித்தால் உறுமிக்கொண்டு ஒரு பக்கம் சாயும். சாயும்போது ஹெட்டரும் சாயும். அதனால் நடுவில் ஓர் உருண்டை மாவை வைத்துவிட்டுக் கடப்பாரையால் இஞ்சினை நெம்பிச் சாய்ப்பேன். பிறகு மாவை எடுத்துப் பார்ப்பேன். தடியாக இருந்தால் அன்று நிம்மதியாகத் தூங்கலாம். காகிதம்போல வந்தால் பைப்பை அந்த இடத்தில் வெட்டி, திருப்பி ஒட்ட வேண்டும்.

சரசு காலையில் சப்பாத்திக்குப் பிசையும்போதே ஓர் உருண்டை எடுத்து அவன் சோற்றுத் தூக்குப்போசியின் மூடியில் வைத்து அனுப்பிவிடுவாள். "இது அண்ணனுக்கு" என்பாளாம். அவன் வந்ததும் மூடியை என்னிடம் நீட்டி, "இந்தாங்க மச்சான், உங்க பங்கு" என்பான். அப்படி இருந்த வீடு அது.

அந்த வருஷம் ஒரு மில்லுக்காரர் சிவப்புக் கார் ஒன்றை ரேஸுக்கென்று கொண்டுவந்து விட்டார். அதற்கு நான் கையால் ஒரு ஹெட்டர் செய்தேன். ஆடி மாதம் முழுக்க அதே வேலை. இந்தப் பக்கம் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் தெரியுமல்லவா? வெல்டிங் தீ நிற்காது. நாலு பக்கமும் சாக்குப் படுதா கட்டிக்கொண்டு உள்ளே வெந்தேன். சீசனின் முதல் ரேஸில் அந்தக் கார் இரண்டாவதாக வந்தது. மில்லுக்காரர் எல்லோரும் பார்க்க என் தோளில் கை போட்டார். திருமூர்த்தி அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அங்கேதான் அவன் வயிறு எரிந்தது என்று நான் சொல்வேன். சரசு இல்லை என்பாள். இரண்டாவதை முதலாவதாக்க என்ன வழி என்று சாப்பாடு இறங்காமல் யோசித்தான் என்பாள். பெண்டாட்டி வேறென்ன சொல்வாள்?

பிறகு ஒரு நாள் காலையில் வருகிறேன். என் ஹெட்டர் தரையில் கிடக்கிறது. கிடந்தால்கூடப் பரவாயில்லை. தார்ப்பாய் காற்றில் பறக்காமலிருக்க அதை மேலே பாரம் வைத்திருக்கிறார்கள். மேசைமேல் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் கல்யாண வீட்டு எவர்சில்வர் மாதிரி ஒரு ஹெட்டர் மின்னுகிறது. சுற்றிலும் மில்லுக்காரர், அவருடைய சிநேகிதர்கள், போட்டோ எடுக்கிற ஒருவன்.

"என்னுங்க மாப்ளை இது?" என்றேன்.

"ஹெட்டருங்க மச்சான். கப்பல்ல வந்தது."

"அப்ப நான் செஞ்சது?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். "உங்களுது நல்லாத்தானுங்க இருக்குது மச்சான். டிராக்டருக்கு."

சிரித்தார்கள். மில்லுக்காரரும் சிரித்தார். தோளில் கை போட்ட அதே ஆள். போட்டோக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் எடுத்த போட்டோ ஒன்று திருமூர்த்தியின் கடையில் மாட்டியிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் முக்கால் முகத்தோடு நிற்பது நான்தான்.

அதோடு விட்டிருந்தாலும் போகட்டும் என்றிருப்பேன். அந்தப் பெட்டி ஹெட்டரை மாட்டுகிற வேலையையும் எனக்கே கொடுத்தான். எப்படிச் சொன்னான் தெரியுமா? "வெட்டாதீங்க மச்சான், ஒட்டாதீங்க, தட்டாதீங்க. உங்க கைவேலையெல்லாம் இதுல காட்ட வேண்டாம். பெட்டில வந்தது வந்த மாதிரியே ஏறோணும்."

நீங்களே சொல்லுங்கள், இது கட்டளையா இல்லையா? கூட்டத்தின் நடுவில், சாட்சியோடு சொன்னது. நான் சரி என்றேன். சொன்னபடியே செய்தேன். பெட்டியில் வந்தது வந்த மாதிரியே ஏறியது.

வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கேஸ்கெட் புதுசு. போல்ட்டை நடுவிலிருந்து ஆரம்பித்து மாறி மாறி முறுக்கினேன். ஆனால் அந்த ஹெட்டர் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கிற ஊருக்குச் செய்தது. நமக்கு ஸ்டியரிங் வலப்பக்கம். அவர்களுக்குக் காலியாக இருக்கிற இடத்தில்தான் நமக்குப் பிரேக் பைப் இறங்கி வருகிறது. பெட்டியில் அதை எழுதியிருந்தார்களோ என்னவோ, நான் படித்தவனா? திருமூர்த்தி படித்திருக்கலாம். தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தவன் எதைப் படிப்பான்?

மாவு வைத்தீர்களா என்று கேட்கிறீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும். அன்றைக்கு வைக்கவில்லை. எதற்கு வைக்க வேண்டும்? வெட்டக் கூடாது என்று ஆனபின் அளந்து என்ன ஆகப்போகிறது? சரசு அன்றைக்கும் அனுப்பியிருந்தாள். மூடியில் வாங்கி அந்த வெல்டிங் செட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

கேளுங்கள், நான் கெட்டது நினைக்கவில்லை. அந்தக் காரை ஓட்ட வேண்டியவன் பெங்களூர்ப் பையன் ஒருவன். பூஞ்சை மனசுக்காரன். லேசாக ஒரு வாசம் வந்தாலே காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவான். முதல் சுற்றிலேயே, "பிரேக் பஞ்சாட்டம் போகுதுங்க" என்று வந்து நிற்பான். பானெட்டைத் திறப்பார்கள். ஹெட்டர் பட்டுப் பிரேக் ஆயில் கொதிப்பதை எல்லோரும் பார்ப்பார்கள். மில்லுக்காரர் என் முகத்தைப் பார்ப்பார். அப்போது நான் அவசரப்படாமல், "அந்த டிராக்டர் பைப் தார்ப்பாய் மேல கெடக்குதுங்க, எடுத்துட்டு வாங்க" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று அதைச் சொல்லிக்கூடப் பார்த்தேன்.

முன்னாலேயே எப்படிச் சொல்லிப் பார்த்தீர்கள் என்கிறீர்களா? நடந்து முடிந்தபின் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன் என்று சொல்ல வந்தேன். வயதானால் முன்பின் மாறிவிடுகிறது.

பயிற்சி ஓட்டத்தன்று காலையில் பெங்களூர்ப் பையனுக்குக் காய்ச்சல். ஓட்டல் அறையைவிட்டு எழவில்லை. மில்லுக்காரர் முகம் சுண்டிப்போனது. திருமூர்த்தி ஹெல்மெட்டை எடுத்தான். "நான் ஒரு சுத்து பாத்துட்டு வந்தர்றனுங்க சார்" என்றான். அவனுக்கும் ஓட்டத் தெரியும். ஆசை வேறு. தன் பெட்டி ஹெட்டரைத் தானே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நான் ரேஸ் டிராக் சுவர் ஓரமாக ஸ்பேனரோடு நின்றிருந்தேன். முதல் சூட்டுக்குப் பிறகு போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும், அதற்காகப் போயிருந்தேன். அவன் ஏறியதைப் பார்த்தேன். பெல்ட் போட்டதைப் பார்த்தேன். இஞ்சினைக் கிளப்பினான். பின்னால் சைலன்சர் இல்லாத ஹெட்டர் சத்தம் எப்படியிருக்கும் தெரியுமா? நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ தகரத்தை உலுக்குகிற மாதிரி இருக்கும். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. கத்திப் பார்த்தீர்களா என்று கேட்காதீர்கள். கேட்காது என்று தெரிந்தபின் எதற்குக் கத்துவது?

கையைத் தூக்கினேன். அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. ஸ்பேனர் இருந்த கை. முழுக்கத் தூக்கினேனா, பாதியில் நின்றதா, அது இப்போது சரியாக நினைவில்லை. அவன் பார்த்தான். அந்த டிராக்டர் பேச்சுக்குப் பிறகு நாங்கள் முகம் பார்த்துப் பேசியதில்லை. நான் வழியனுப்புகிறேன் என்று நினைத்துவிட்டான். ஹெல்மெட்டுக்குள்ளே கண் சிரித்தது. பதிலுக்குக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டான்.

அது அவன் தப்பாகப் புரிந்துகொண்டது. அதற்கும் நானா பொறுப்பு?

ஒரு சுற்று என்றவன் ஒரு சுற்றோடு வரவில்லை. சத்தம் நன்றாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. என் ஹெட்டருக்கு அந்தச் சத்தம் வராது. மில்லுக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக் குதித்தார். மறுபடி வந்து, மறுபடி போனான். அந்த நீள ரோட்டின் முடிவில் வளைவு வரும். எல்லாக் காரின் சத்தமும் அங்கே இறங்கும். அவன் சத்தமும் இறங்கியது. ஆனால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததால் இறங்குகிற சத்தம் வேறு, பிரேக் பிடித்து இறங்குகிற சத்தம் வேறு. புகைக்காரனுக்குக் காதில்தான் கண். மற்றவர்கள் டயர்ச் சுவரில் மோதிய சத்தத்தைக் கேட்டுத் திரும்பினார்கள். நான் அதற்கு முன்பே ஓட ஆரம்பித்திருந்தேன்.

அதை நினைவில் வையுங்கள். முதலில் ஓடியவன் நான்.

பானெட் மடங்கி உள்ளேயிருந்து பிரேக் ஆயில் வாசம் அடித்தது. அவன் வலது கால் மிதிகளுக்கு நடுவில் மாட்டியிருந்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டேயிருந்திருக்கிறான். கடைசிவரைக்கும் மிதித்துக்கொண்டேயிருந்திருக்கிறான் தம்பி. வெளியே இழுத்தபோது என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், சரசுகிட்ட இப்பச் சொல்லாதீங்க, பயந்துக்குவா" என்றான்.

ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிப் போட்டிருந்தார்கள். மில்லுக்காரர் வந்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் சரசு, வாசல் ஓரத்தில் நான். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏனுங்க ஆறுக்குட்டி, மாட்டறப்ப உங்களுக்கு ஒண்ணும் தெரியலீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் திருமூர்த்தி படுத்த வாக்கில் குறுக்கே விழுந்தான். "அவரக் கேக்காதீங்க சார். கை வைக்கக் கூடாதுன்னு சொன்னது நான். என் தப்பு. பூராவும் என் தப்பு."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். முடிந்தது. என் வாய் திறந்தபடியே நின்றது. முதல் தப்பு அவனது என்றேன் அல்லவா, அது அந்த டிராக்டர் பேச்சு. இது இரண்டாவது. முதலாவதைவிட இது பெரியது. ஒருவன் பதில் சொல்ல வரும்போது அதைத் தட்டிப் பறிக்கிற உரிமையை அவனுக்கு யார் கொடுத்தது?

கால் கூடியது, ஆனால் மடங்கவில்லை. தரையில் குத்தவைத்து உட்கார முடியாதவன் காருக்கடியில் எப்படிப் படுப்பான்? காந்திபுரத்தில் அந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையை வைத்துக்கொண்டான். அவன் சாமான்களை எடுத்துப்போகச் சரசுதான் வந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, "அண்ணா, போசி மூடி இங்கதானுங்களே இருக்குது?" என்றாள். நான் தெரியாது என்றேன். அவளே தேடினாள். வெல்டிங் செட்டுக்குப் பின்னால் கையை விட்டு எடுத்தாள்.

மாவு காய்ந்துபோய் மூடியோடு ஒட்டியிருந்தது. அப்பளம் மாதிரி. நடுவில் பிரேக் பைப்பின் தடம் கோடாகப் பதிந்து, அந்த இடத்தில் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக.

என்ன பார்க்கிறீர்கள்? உருண்டையாகத்தானே மூடியில் இருக்க வேண்டும் என்கிறீர்களா? சரி. வைத்துப் பார்த்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வைத்தேன், நெம்பினேன், எடுத்தேன், எறிய மனமில்லாமல் மூடியிலேயே போட்டேன். இப்போது என்ன? அவன் கேட்டானா? மாட்டி முடித்தபின் "எப்படி இருக்குதுங்க மச்சான்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? நான் சொல்ல மாட்டேன் என்றா இருந்தேன்?

சரசு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இருபது வருஷமாக மாவு பிசைந்து கொடுத்தவளுக்கு அது என்னவென்று தெரியாதா? மூடியை முந்தானையில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் அவனிடம் காட்டினாளா, இல்லையா, அது எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. அந்த வீட்டுப் படியை நான் மிதித்ததில்லை. அவர்கள் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. மண்டபத்துக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்றேன். வாழைமரம் கட்டியிருந்தார்கள். மூன்று பஸ் போனபின் நானும் ஒன்றில் ஏறி வந்துவிட்டேன். அவன் வாசலுக்கு வந்து கூப்பிட்டிருக்கலாம். வரவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

கை வைத்துப் பாருங்கள், ஆறிவிட்டதா? ஆறிவிட்டது.

அந்தப் பொட்டலத்தை எடுங்கள். நீங்களே பிரியுங்கள். என்ன இருக்கிறது? எனக்குத் தெரியும். அவன் அனுப்புகிற ஒவ்வொரு காரோடும் வரும். "இதை மச்சான்கிட்டக் கொடுத்துருங்க" என்பான், அவ்வளவுதான். காலையில் பிசைந்தது, இன்னும் மெத்தென்று இருக்கிறது பாருங்கள். கொஞ்சம் எண்ணெய் கூடப் போடுவாள் சரசு, காயாமல் இருக்க.

அவர்கள் என்னை மன்னித்துவிட்டார்கள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். மன்னிப்பை யார் கேட்டது? டிராக்டர் பேச்சுக்கு அவன்கூட என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், அதை விட்டுவிட்டேன். எனக்கு வர வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தக் காலை இழுத்துக்கொண்டு அவன் இங்கே வர வேண்டும். நீங்கள் உட்கார்ந்திருக்கிற டயர்மேல் உட்கார வேண்டும். என் முகத்தைப் பார்த்து, "மச்சான், உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்க வேண்டும். கேட்டால் சொல்வேன். பதில் தயாராக இருக்கிறது. கேட்காதவனிடம் நானாகப் போய் எப்படிச் சொல்வது? தப்பு முதலில் செய்தவன் அவன். முதலில் வாயைத் திறக்க வேண்டியவனும் அவன்தான்.

நீங்கள் திரும்பிப் போகும்போது அவன் கடையில் நிறுத்துவான். "மச்சான் மாவு வெச்சுப் பாத்தாருங்களா?" என்று கேட்பான். எல்லோரையும் கேட்கிறான். பொள்ளாச்சிக்காரனைக் கேட்டான், திருப்பூர்க்காரனைக் கேட்டான், உங்களையும் கேட்பான். என்னைக் கேட்க வேண்டியதை ஊரையெல்லாம் கேட்கிறான்.

சரி, அந்தக் கடப்பாரையை எடுங்கள் தம்பி. நான் மாவைப் பிடித்துக்கொள்கிறேன். நீங்களே நெம்புங்கள், நீங்களே எடுத்துப் பாருங்கள். பார்த்தது நீங்களாக இருக்கட்டும்.